இரண்டு மடங்கு கேட்கும் ஊர்

அந்தமான் போய்விட்டு வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் கடற்கரைப் படம் கேட்கிறார்கள். என் கைபேசியில் இருப்பது ஏசி போட்ட சின்ன அறையில் மூன்று சர்வர்கள் நிற்கிற படம் ஒன்று, சோறும் மீன் குழம்பும் இருக்கிற படம் இரண்டு. நீலக் கடல் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. விமானத்திலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு ஐந்து நாளும் பகல் முழுக்க அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில்தான் என் வாசம்.

போன வேலை இதுதான். தீவுகளுக்கிடையே ஓடும் சரக்குப் படகுகளில் வியாபாரிகள் இடம் பதிவு செய்ய ஒரு நிறுவனம் மென்பொருள் நடத்துகிறது. தலைமை அலுவலகம் சென்னையில். மென்பொருள் ஓடுவது போர்ட் பிளேரில், அந்த மூன்று சர்வர்களில். கடலுக்கடியில் கேபிள் வந்த பிறகும் சில நாள் சென்னையோடு தொடர்பு அறுந்துபோகிறது. அப்போதும் ஜெட்டி என்கிற படகுத்துறையில் காய்கறி ஏறியாக வேண்டுமே. அதனால் எல்லாவற்றையும் உள்ளூரிலேயே வைத்திருந்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஆலோசகர் வந்து அதன் மேல் குபர்நெட்டீஸ் என்ற இன்னொரு மென்பொருளை ஏற்றிவிட்டு, வந்த வேகத்தில் போய்விட்டார். அன்றிலிருந்து நான்கு பேர் அதைப் பயந்து பயந்து பார்த்துக்கொள்கிறார்கள். புதிதாக எந்தப் புரோகிராமைப் போட்டாலும் இடமில்லை என்று காத்து நிற்கிறது. ஒரு சர்வர் நின்றுபோனால் முன்பதிவே நின்றுபோகிறது. "ஐந்து நாள் இருந்து கற்றுக்கொடுத்துப் பாருங்கள். தேறாது என்றால் எழுதிக் கொடுங்கள், எல்லாவற்றையும் சென்னைக்கு மாற்றிவிடுகிறோம்" என்றார் மேலாளர். மாற்றினால் அந்த நான்கு பேருக்கும் அங்கே வேலை இருக்காது. இதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

இப்படிப்பட்ட அறிக்கைகளை எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. போன வருடம் மதுரைப் பக்கம் ஒரு கம்பெனியில் இதே வேலைதான். சிக்கலையெல்லாம் எடுத்துப் போட்டு, இனி இதற்கு இரண்டு பேர் போதும் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். அடுத்த மாதம் ஐந்து பேரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் இன்றைக்கும் தினமும் எனக்கு ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் அனுப்புகிறார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும். அந்தப் படங்களுக்கு நான் பதில் அனுப்பியதே இல்லை.

முதல் நாள் நான் இறங்கிவிட்டேன், என் பெட்டி இறங்கவில்லை. விமானத்தில் எடை அதிகமாகிவிட்டது, சிலரது பெட்டிகளைச் சென்னையிலேயே இறக்கிவிட்டோம் என்றார் கவுண்டரில் இருந்தவர், ஏதோ அன்றாட வானிலை சொல்கிற குரலில். அழைத்துப்போக வந்திருந்தவர் பவானி. அந்த நால்வர் குழுவுக்குத் தலைவர், நாற்பதை நெருங்குகிற பெண், தோளில் பெரிய பை.

"கோயி பாத் நஹி சார், பரவாயில்ல, நாளைக்கு ஃப்ளைட்ல வரும். இல்லாட்டி அதுக்கு மறுநாள் வரும். நாங்க எல்லாம் கைப்பையில ரெண்டு நாள் துணி வச்சுக்கிட்டுத்தான் ஏறுவோம். மெயின்லேண்ட்காரங்களுக்கு இது பழக்கம் இல்ல."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பயந்து வராம போயிருவீங்களே" என்றார்.

ஆட்டோ ஒரு மேடு ஏறியது, ஒரு பள்ளம் இறங்கியது, மறுபடி மேடு. இந்த ஊரில் சமதளம் என்று பத்தடி கிடையாது. ஊர்ப் பெயரை மாற்றி வருஷம் ஆகிறது. பலகையில் ஸ்ரீ விஜயபுரம் என்று இருக்கிறது, ஆட்டோக்காரர் முதல் பவானி வரை எல்லோரும் போர்ட் பிளேர் என்றே சொன்னார்கள். பஜாரில் இறங்கி இரண்டு சட்டை வாங்கினேன். இரண்டிலும் ஆமை படம். மற்றதெல்லாம் என் வயிற்றுக்குப் பற்றவில்லை.

ஆமைச் சட்டையோடு வகுப்பை ஆரம்பித்தேன். எது எங்கே ஓடுகிறது என்று காட்டச் சொன்னேன். பவானி கணினியைத் தொடவில்லை. மேசை டிராயரிலிருந்து ஒரு நீளநோட்டை எடுத்தார். ஆலோசகர் கொடுத்துவிட்டுப் போன கட்டளைகள் அதில் கையால் எழுதப்பட்டிருந்தன. எதிரே தமிழில் குறிப்புகள்: 'இது போட்டா லிஸ்ட் வரும்', 'இது போட்டா கொஞ்ச நேரம் பொறு'. ஒரு பக்கத்தில் சிவப்பு மையில் 'இதைத் தொடவே தொடாதே' என்று இருந்தது. எதைத் தொடக்கூடாது என்பது அழிந்துபோயிருந்தது.

நான் சிரித்தேன். பவானி சிரிக்கவில்லை. அன்று அறைக்குப் போகும்போது மனசுக்குள் பாதி அறிக்கையை எழுதிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தேறாது என்றுதான்.

இரண்டாம் நாள் நாலரை மணிக்கே ஜன்னலில் வெளிச்சம் வந்துவிட்டது. கடிகாரம் தில்லிக்கு, சூரியன் பர்மாவுக்கு என்று இந்தத் தீவு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு எப்படியும் சரியாகத் தூக்கம் வருவதில்லை. இங்கே வந்ததையும் சூரியன் பிடுங்கிக்கொண்டது. நான் தங்கியது டெய்ரி ஃபார்ம் பகுதியில் ஒரு விடுதி. அங்கிருந்து நடந்து நடந்து கால் வலிக்க, பஜாரில் ஒரு தமிழ் மெஸ்ஸைக் கண்டுபிடித்தேன். இட்லிக்கு முந்தின நாள் மீன் குழம்பு ஊற்றினார்கள். கோயம்புத்தூரில் என் வீட்டில் இதைச் சொன்னால் சண்டை வரும். நான் ஆறு இட்லி சாப்பிட்டேன்.

மத்தியானம் அதே மெஸ்ஸில் ரசம் கேட்டேன்.

"ரசம் இல்லண்ணே. தக்காளி இன்னும் கடல்ல இருக்கு" என்றார் கடைக்காரர். ராமநாதபுரத்துக்காரர், கல்லாவுக்குப் பின்னால் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். "இருபது பெட்டி எழுதிக்க. ஆமா, இருபது."

மேசைகளை எண்ணிப் பார்த்தேன். ஏழு மேசை. "இருபது பெட்டி தக்காளி அழுகிப் போகாதா?" என்று கேட்டேன்.

"எனக்கு வேண்டியது பத்துதான். பத்துன்னு கேட்டா அஞ்சு வரும். இருபதுன்னு கேட்டா பத்து வரும். கப்பல்ல எடம் கொடுக்கிறவன் பாதியாக் குறைச்சாத்தான் அவனுக்கு வேலை பார்த்த மாதிரி இருக்கும்."

"அவருக்கு நீங்க கூட்டித்தான் கேட்பீங்கன்னு தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் குறைக்கிறான்" என்றார். எனக்கு அப்பளம் இரண்டு வைத்தார்.

இதை நான் ஒரு வேடிக்கையாக மட்டும் கேட்டுக்கொண்டு மாடி ஏறினேன். அன்றைய பாடம் கன்டெய்னர். ஒவ்வொரு புரோகிராமையும் அதற்கு வேண்டிய சாமான்களோடு ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடுகிறோம், எந்தச் சர்வரில் தூக்கி வைத்தாலும் அது ஓடும். எந்தப் பெட்டி எந்தச் சர்வருக்குப் போகிறது, செத்துப்போனதை யார் மறுபடி எழுப்புவது என்று பார்க்க ஒரு கிளார்க் வேண்டும். குபர்நெட்டீஸ் என்பது அந்த கிளார்க். இவ்வளவுதான் என்றேன். ஆலோசகர் இதை இரண்டு நாள் படம் போட்டு விளக்கினாராம்.

குழுவில் ராகேஷ் என்று ஒருவர். அந்தமான் சிறைக் கைதிகள் காலத்திலேயே வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் பேசுவது தீவு இந்தி, எங்களோடு அதில் தமிழைக் கலந்து பேசுவார். அவர் கேட்டதைத் தமிழிலேயே எழுதுகிறேன்: "அந்த கிளார்க்குக்கு மேலே அதிகாரி யார்?"

"யாரும் இல்லை. நீங்கள்தான்."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஓர் ஆபீஸை அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

பலகையில் நான்கு கேள்விகளை மட்டும் எழுதினேன். என்ன ஓடுகிறது, எங்கே ஓடுகிறது, ஏன் ஓடவில்லை, சாகும் முன் என்ன சொன்னது. இந்த நான்குக்கும் நான்கு கட்டளை. நீளநோட்டில் மீதி எழுபது பக்கத்தை மறந்துவிடுங்கள் என்றேன். ஜெட்டி கவுண்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சுமித்ரா அதைக் கைபேசியில் படம் எடுத்தார். வயரிங் பார்க்கும் ராவ் கொட்டாவி விட்டார். எனக்கும் வந்தது.

மூன்றாம் நாள் மழை. என் பெட்டி இன்னும் வரவில்லை. மூன்றாவது கேள்வியைப் பவானியே போட்டுப் பார்த்தார். காத்துக்கொண்டிருக்கும் புரோகிராம் ஏன் ஓடவில்லை? மெமரி போதவில்லை என்று பதில் வந்தது. சரி, சர்வர் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று நான் பார்த்தேன். ஐந்தில் ஒரு பங்குகூட நிரம்பவில்லை. மூன்று சர்வர்களும் சும்மா காற்று வாங்கிக்கொண்டு நின்றன.

காலி வீட்டில் இடமில்லை என்று போர்டு மாட்டியிருந்தால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு கோப்பு உண்டு. எனக்கு இவ்வளவு மெமரி ஒதுக்கு என்று அதில் எழுத வேண்டும். திறந்து பார்த்தேன். அரை ஜிபி தின்னும் புரோகிராம் நாலு ஜிபி கேட்டிருந்தது. ரசீது அச்சடிக்கிற ஒரு சின்னப் புரோகிராம் எட்டு ஜிபி கேட்டிருந்தது. கிளார்க் அத்தனையையும் பூட்டி ஒதுக்கி வைத்துவிட்டு, புதிதாக வந்தவர்களுக்கு இடமில்லை என்று கையை விரித்திருந்தது.

"இந்த எண்ணெல்லாம் யார் எழுதினது?"

"நான்தான் சார்" என்றார் பவானி. "எப்படியும் பாதிதானே கெடைக்கும்னு ரெண்டு மடங்கு போட்டேன். அப்புறமும் எடம் இல்லன்னு வந்திச்சு. சரி, கம்மியா கேட்டுட்டோம்போலன்னு இன்னும் கூட்டிப் போட்டேன்."

எனக்கு மெஸ்ஸும் இருபது பெட்டித் தக்காளியும் நினைவுக்கு வந்தன. "பவானி, இந்த கிளார்க் குறைக்கவே குறைக்காது. நீங்க எழுதினதை அப்படியே நம்பும். எட்டுன்னு கேட்டா எட்டையும் எடுத்து வச்சிரும், நீங்க தொடாட்டியும்."

அவர் திரையைப் பார்த்தபடி இருந்தார். "கேட்டதை நம்புற கிளார்க்கை இந்த ஊர்ல எங்க சார் பார்த்திருக்கோம்?" என்றார். குரல் கம்மியிருந்தது.

ஐந்து மணிக்கு இருட்டத் தொடங்கிவிட்டது. மழையில் ஆட்டோ கிடைக்காமல் கண்ணில் பட்ட டவுன் பஸ்ஸில் ஏறினேன். டெய்ரி ஃபார்ம் வராமல் ஏதேதோ வந்தது. பின் சீட்டிலிருந்து பவானி கூப்பிட்டார். "சார், இது புரோத்ராபூர் போற பஸ். எங்க வீட்டுக்குப் போறது." அவர் சொல்லி முடிக்கவும், ஒரு மேட்டில் பஸ் இருமி நின்றுபோனது. டிரைவர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, இந்தியில் பொதுவாக எல்லோருக்கும் அறிவித்தார்: "அவசரம் இருக்கிறவர்கள் நடக்கலாம். அவசரம் இல்லாதவர்கள் தள்ளலாம்." யாரும் இரண்டையும் செய்யவில்லை. சீட்டிலேயே உட்கார்ந்து மழையைப் பார்த்தார்கள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றார் பவானி. "நான் எழுதின நம்பரை ரிப்போர்ட்ல போடுவீங்களா?"

நான் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்தேன்.

"போட்டா, இவங்களுக்கு ஒண்ணும் தெரியலன்னு சர்வரை மாத்திருவாங்க. என்னைய சென்னைக்கு வரச் சொல்லுவாங்க. இல்லாட்டி வீட்டுக்குப் போகச் சொல்லுவாங்க. எங்கப்பா சிலோன் தோட்டத்துல பொறந்தவர். பதினாலு வயசுல ஒரு கடல் தாண்டி மண்டபம் கேம்ப்புக்கு வந்தாரு. இன்னொரு கடல் தாண்டி இங்க கச்சால் தீவுல ரப்பர் வெட்ட வந்தாரு. இப்ப இங்க என்கூட இருக்காரு. இனிமே அவரைத் தூக்கிக்கிட்டு இன்னொரு கடல் தாண்ட என்னால ஏலாது சார். மெயின்லேண்ட்ல எங்களுக்கு யாரு இருக்கா?"

நான் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் பார்த்தேன். முதல் நாள் மனசுக்குள் எழுதிவைத்த பாதி அறிக்கை எனக்கே அசிங்கமாக இருந்தது. "நாளைக்கு அந்த நம்பரையெல்லாம் நீங்களே மாத்துங்க. நான் பக்கத்துல இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். பஸ் கிளம்பவில்லை. நான் இறங்கித் திரும்பி நடந்தேன். ஆமைச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

நான்காம் நாள் பவானி எனக்கு முன்பே வந்து ஆரம்பித்துவிட்டிருந்தார். ஒவ்வொரு புரோகிராமும் நிஜமாக எவ்வளவு தின்கிறது என்று பார்ப்பது, மேலே கையளவு சேர்ப்பது, கோப்பில் எழுதுவது. முதல் இரண்டுக்கும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. ரசீதுப் புரோகிராமை எட்டு ஜிபியிலிருந்து கால் ஜிபிக்கு இறக்கும்போது மட்டும் விரல் நின்றது. "பயமா இருக்கு சார். இவ்வளவு கம்மியா வாழ்க்கையில எதையுமே கேட்டதில்ல."

பதினொரு மணிக்குக் காத்திருந்த புரோகிராம்கள் எல்லாம் தானாக ஓடத் தொடங்கின. ஆலோசகர் அலங்காரத்துக்குப் போட்டிருந்த மென்பொருள் அடுக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். பன்னிரண்டு மணிக்குத்தான் வியாபாரிகள் அதிகம் பதிவு செய்வார்கள். அந்த நேரம் பார்த்து ராகேஷ் சர்வர் அறை வாசலில் நின்றார். "ஒன்றைப் பிடுங்கட்டுமா?" என்று கேட்டார்.

பிடுங்கிப் பார்க்காமல் எதையும் நம்பாத ஆள். பவானியைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். ராகேஷ் இரண்டாவது சர்வரின் பிளக்கைப் பிடுங்கினார்.

மேசை மேல் இருந்த நான்கு கைபேசிகளையும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முன்பதிவு நின்றால் முதலில் பஜாரிலிருந்து போன் வரும், அதுவும் வங்காளி, தெலுங்கு, மலையாளம் என்று எல்லா மொழியிலும் வசவோடு வரும் என்று சொல்லியிருந்தார்கள். திரையில் அந்தச் சர்வரின் புரோகிராம்கள் செத்தன. சில நிமிஷம் ஒன்றுமே நடக்கவில்லை. ராவ் கையைப் பிசைந்தார். பிறகு ஒவ்வொன்றாக மற்ற இரண்டு சர்வர்களில் எழுந்து உட்கார்ந்தன. அதுவரை, காலையில் இடம் கிடைத்து மற்ற இரண்டில் எழுந்திருந்த அவற்றின் பிரதிகளே பதிவுகளை வாங்கிக்கொண்டிருந்தன. ஒரு போன் வந்தது. எல்லோரும் துள்ளினார்கள். மெஸ்காரர். தக்காளி வந்துவிட்டது, பத்துப் பெட்டி, சாரைச் சாப்பிட வரச் சொல்லுங்கள் என்றார்.

பவானி அழுதார் என்று சொல்ல மாட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துப்பட்டாவால், வெகுநேரம். அன்று ரசம் மட்டும் மூன்று முறை வாங்கினேன்.

ஐந்தாம் நாள் என் பெட்டி வந்தது, ஊருக்குப் போக ஒரு நாள் இருக்கும்போது. கூடவே மேலாளரின் போனும் வந்தது. "கேள்விப்பட்டேன். நன்றாக எளிமையாக்கிவிட்டீர்களாமே. சர்வர்கள் அங்கேயே இருக்கலாம் என்றால் சரி. ஆள் எத்தனை வேண்டும் என்று ஒரு எண் போட்டு அனுப்பிவிடுங்கள். எளிமையாகிவிட்டதால் குறைவாகத்தானே இருக்கும்?"

இதற்குத்தான் பயந்தேன். சிக்கலாக இருந்தவரை, தெரியாதவர்கள் என்று நால்வரையும் அனுப்பியிருப்பார்கள். இப்போது கற்றுக்கொண்டார்கள் என்பதற்காகவே இரண்டு பேரை அனுப்புவார்கள். உண்மையைச் சொன்னால் பவானியும் ராகேஷும் போதும். அறிக்கையில் அந்த ஒரு இடத்தைக் காலியாக விட்டு, மத்தியானம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் மதுரைக்காரரின் அன்றைய ரோஜாப்பூ வந்து கிடந்தது. கூட்டிச் சொல்லாதே என்று நானே நேற்று முழுக்கப் பாடம் நடத்தினேன். அது இயந்திரத்துக்கு. இயந்திரம் குறைக்காது.

ஒரு எண்ணை எழுதி அனுப்பினேன். பவானி டீயோடு வந்து நின்றார். சிங்காராவும் இருந்தது, இங்கே சமோசாவை அப்படித்தான் சொல்கிறார்கள்.

"எத்தனை பேர்னு போட்டீங்க சார்?"

"எட்டு."

"நாங்க நாலு பேருதானே சார் இருக்கோம்?"

"ஆமா" என்றேன். "அதனாலதான்."

டீயை மேசையில் வைத்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து நான்கு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. இந்த வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் நான் எழுதிய முதல் பொய்க் கணக்கு அது. உறுத்தும் என்று நினைத்தேன். உறுத்தவில்லை.

மறுநாள் காலை விமான நிலையத்தில், பெட்டியை அனுப்பிவிட்டு, இரண்டு நாள் துணியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதுரைக்காரருக்கு முதல்முறையாகப் பதில் போட்டேன். 'எப்படி இருக்கீங்க? இப்ப எங்க வேலை? ஊருக்கு வந்ததும் பேசறேன்.' விமானத்துக்கு அழைக்கும் நேரத்தில் மேலாளரின் மின்னஞ்சல் வந்தது. 'எட்டுப் பேருக்கு வழியே இல்லை. இப்போது இருக்கிற நான்கு பேரை வைத்தே சமாளிக்கச் சொல்லுங்கள். சர்வர்கள் அங்கேயே இருக்கட்டும்.'

அதை அப்படியே பவானிக்கு அனுப்பினேன். பெல்ட் போட்டு, கைபேசியை அணைக்கச் சொன்ன பிறகும் அணைக்காமல் வைத்திருந்தேன். பதில் வந்தது.

'கேட்டதுல பாதி வந்துருச்சு சார்.'